மீன் வண்டிக்கு சஸ்பென்ஷன் வேலை: எதற்குக் காசு போடலாம், எதற்கு வேண்டாம்

பாம்பன், மண்டபம், தொண்டி பக்கம் மீன் வேன் வைத்திருப்பவர்கள் பட்டறைக்குப் போனதும் காதில் விழும் முதல் யோசனை, "இன்னொரு பட்டை ஏத்திருவோமாண்ணே?" என்பதுதான். பட்டை என்றால் வண்டியின் எடையைத் தாங்கும் அடுக்கு ஸ்பிரிங்கில் ஒரு தகடு. நானும் ஏற்றினேன். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பட்டை, கூலியோடு 3,200 ரூபாய். மதுரைக்கு லோடோடு போகும்போது வண்டி நிமிர்ந்து நின்றது. திரும்பும்போது காலி வண்டி. பாம்பன் பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் பின்பக்கம் தூக்கித் தூக்கிப் போட்டது. இரண்டாம் மாதம் டெயில் லைட் கண்ணாடி போனது. மூன்றாம் மாதம் பட்டையைப் பிடிக்கும் பிராக்கெட்டில் விரிசல். கழற்றிவிட்டு, முதலிலிருந்து ஒழுங்காகச் செய்தேன். அதைத்தான் வரிசையாக எழுதுகிறேன்.

ஒரு விஷயம் முதலில் புரிய வேண்டும். பட்டை எடையைத் தாங்குகிறது. ஷாக் (ஷாக் அப்சார்பர்) எடையைத் தாங்குவதில்லை; பட்டை ஆடும் ஆட்டத்தை அடக்குகிறது. வண்டி உட்காருகிறது என்றால் பட்டையைப் பார்க்க வேண்டும். உட்காராமல் ஆடுகிறது, குதிக்கிறது என்றால் ஷாக்கைப் பார்க்க வேண்டும். குட்டி யானைக்கு (டாடா ஏஸ்) முன்னும் பின்னும் பட்டை. ஆம்னிக்குப் பின்னால் மட்டும் பட்டை. ஈக்கோவுக்கு நாலு பக்கமும் சுருள் ஸ்பிரிங்.

படி 1: எடைக் கணக்கு

ஆர்சி புத்தகத்தில் மொத்த எடையும் காலி எடையும் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றலாம் என்ற அளவு. டிரைவரும் அதில் அடக்கம். பழைய குட்டி யானைக்கு 750 கிலோவை ஒட்டி வரும். நம் ஊர் வெயிலில் மீன் கெடாமல் போக ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வேண்டும். 400 கிலோ மீன் என்றால் ஐஸோடு 800 கிலோ, பெட்டி தனி. மீனை மட்டும் எண்ணுகிறவருக்கு வண்டி ஏன் உட்காருகிறது என்று புரியவே புரியாது. பட்டை கூட்டினாலும் ஆர்சியில் உள்ள எடை அளவு கூடிவிடாது. பிரேக், அச்சு, டயர் எல்லாம் பழைய எடைக்குச் செய்தவைதான். அதிக லோடுக்கு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, அபராதமே 20,000 ரூபாயில் ஆரம்பிக்கிறது. கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 தனி.

படி 2: அளந்து பாருங்கள்

சிமெண்டுத் தரையில் நிறுத்துங்கள், மணலில் வேண்டாம். நாலு டயரிலும் காற்று சரியாக இருக்கட்டும். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். காலியாக ஒரு முறை, வழக்கமான லோடோடு ஒரு முறை. காலியாக இருக்கும்போதே இடதுக்கும் வலதுக்கும் ஒரு விரற்கடைக்கு மேல் வித்தியாசம் வந்தால், ஒரு பக்கப் பட்டை தளர்ந்திருக்கும் அல்லது உடைந்திருக்கும். லோடு ஏற்றி நிற்கும்போதே அச்சு பம்ப் ரப்பரில் (அச்சு மேலே சட்டத்தில் இடிக்காமல் தடுக்கும் ரப்பர்) போய் முட்டினால், ஒன்று லோடு அதிகம், இல்லை பட்டை வளைவு போய்விட்டது.

படி 3: அடியில் படுத்துப் பாருங்கள்

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்ட் போட்டு, மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்த பிறகுதான் போக வேண்டும்.

என் வண்டியில் டார்ச் அடித்துப் பார்த்தபோது ஷாக்கின் கீழ்ப்பாதி முழுக்க எண்ணெய் கசிந்து, அதில் மணல் அப்பி, கருவாடு மாதிரி கறுத்திருந்தது. பட்டைகளுக்கு இடையில் ஸ்க்ரூடிரைவரை விட்டால் துரு ஏடு ஏடாக உதிர்ந்தது. பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கினால்தான் ஸ்பிரிங்காக வேலை செய்யும். என்னுடையவை துருவால் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டையாக இருந்தன. அதற்கு மேல் இன்னொரு பட்டையை ஏற்றினால் எப்படி இருக்கும்!

பட்டையின் முனையைச் சட்டத்தோடு இணைக்கும் துண்டுதான் ஷேக்கிள். அதன் ரப்பர் புஷ்ஷைக் கம்பியால் நெம்பிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் மாற்ற வேண்டும்.

படி 4: முதலில் பழுதைச் சரிசெய்வது

எனக்கு ஆன செலவு: பின் ஷாக் ஜோடி 2,400, புஷ்ஷும் ஷேக்கிள் பின்னும் 900, பட்டையை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட் 600, பம்ப் ரப்பர் 300, பட்டையைப் பிரித்துத் துரு எடுத்து வளைவு செட்டிங் 1,800, கூலி 1,500. மொத்தம் 7,500 ரூபாய். உங்கள் வண்டிக்கும் ஊருக்கும் ஏற்றபடி இது மாறும்.

பட்டறையில் மூன்றை வற்புறுத்திக் கேளுங்கள். பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடக்கூடாது. பட்டையில் வெல்டிங் வைக்கக்கூடாது. ரப்பர் புஷ் போல்ட்டைக் கடைசியாக இறுக்குவது, வண்டி சக்கரத்தில் இறங்கி நின்ற பிறகு. தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

பலன் உடனே தெரிந்தது. பின் டயர் திட்டுத் திட்டாகத் தேய்வது நின்றது. அடிப்பெட்டி நண்டுக்குக் கால் ஒடிவது வெகுவாகக் குறைந்தது. கால் ஒடிந்த நண்டை, நண்டு வாங்கும் கம்பெனியில் என்ன விலைக்கு எடுப்பார்கள் என்று நம் ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

படி 5: அப்புறமும் உட்கார்ந்தால்

லோடு ஆர்சி அளவுக்குள் இருந்தும் வண்டி தாழ்ந்தால் ஹெல்பர் பட்டை போடலாம். அது காலியாக இருக்கும்போது வேலை செய்யாது, லோடு ஏறி வண்டி தாழும்போதுதான் சேர்ந்து தாங்கும். ஒரு வழி லோடு, மறுவழி காலி என்று ஓடும் மீன் வண்டிக்கு அதுதான் பொருத்தம். ஈக்கோ மாதிரி சுருள் ஸ்பிரிங் வண்டிக்கு உள்ளே வைக்கும் காற்றுப்பை உண்டு. லோடுக்குத் தகுந்தபடி காற்றைக் கூட்டிக் குறைக்கலாம், விலை அதிகம். எதுவானாலும் கம்பெனி அளவை மாற்றும் வேலை என்றால் எஃப்சியில் (தகுதிச் சான்று சோதனையில்) நிற்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

சில வண்டிகளில் பின் அச்சோடு இணைந்த ஒரு வால்வு, லோடைப் பார்த்துப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். பின்பக்கத்தின் உயரம் மாறினால் அதையும் செட்டிங் செய்ய வேண்டும். ஹெட்லைட்டும் அப்படித்தான். ராத்திரியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிரே வருகிறவர் கண் கூசக்கூடாது.

500 கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி இறுக்கி, படி 2 அளவுகளை ஒருமுறை ஒப்பிடுங்கள்.

படி 6: உப்பு

என் பட்டை அந்தக் கதிக்கு ஆனதற்குக் கடல் காற்று பாதிக் காரணம். மீதிக் காரணம், பெட்டியிலிருந்து உருகி நேராகப் பின் அச்சின் மேல் சொட்டிய ஐஸ் தண்ணீர். இப்போது தளத்தில் ஒரு துளை போட்டு, குழாய் செருகி, தண்ணீரை ஒரு கேனில் பிடிக்கிறேன். வாரம் ஒருமுறை அடிப்பக்கத்தைக் கழுவுகிறேன். அதற்கு போர் தண்ணீர் உதவாது, அதுவே உப்பு. நல்ல தண்ணீர் இரண்டு குடம் போதும். காய்ந்த பிறகு பட்டைகளுக்கு இடையில் கிராஃபைட் கிரீஸ். பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றாதீர்கள், மணலை இழுத்து ஒட்டவைப்பதோடு புஷ் ரப்பரையும் ஊறவைத்துக் கெடுத்துவிடும்.