முதல் ஆர்.சி. (ரிமோட்டில் பறக்கும்) விமானத்தைக் கையிலிருந்து எறிவதற்கு முன்

இறக்கை உடலுக்கு மேலே உட்கார்ந்திருக்கிற, மூன்று சேனல் (ரிமோட்டில் மூன்று கட்டுப்பாடு) ஃபோம் டிரெய்னராக, அதாவது பழகுவதற்கான விமானமாக வாங்குங்கள். மோட்டார், எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்), ரட்டர் (இடம் வலம் திருப்பும் வால் மடல்) போதும். இறக்கை நுனிகள் சற்றே மேல்நோக்கி இருந்தால், ஸ்டிக்கை விட்டதும் விமானம் தானாக நிமிரும். போர் விமான வடிவம் கண்ணை இழுக்கும், இப்போது வேண்டாம்.

மேசையில் வேலை செய்யும்போது புரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள். முதலில் ரிமோட்டை ஆன் செய்து, த்ராட்டிலை (மோட்டார் வேகத்துக்கான ஸ்டிக்) அடிவரை இறக்கி, அப்புறம்தான் விமானத்தில் பேட்டரியை இணைக்க வேண்டும். முடிக்கும்போது பேட்டரி முதலில், ரிமோட் கடைசியில்.

இனி சமநிலைப் புள்ளி, அதாவது விரலில் தூக்கினால் விமானம் முன்னும் பின்னும் சாயாமல் நிற்கும் இடம். இதை நிதானமாகப் படியுங்கள். என் முதல் விமானம் இதில்தான் போனது. சுலபமாக நுழைகிறதே என்று பேட்டரியைப் பின்னால் தள்ளி வைத்திருந்தேன். எறிந்ததும் மூக்கைத் தூக்கியது, ஒரு நொடி அப்படியே நின்றது, இடது இறக்கை சாய்ந்து வரப்பில் போய்க் குத்தியது. ஸ்டிக்கை முழுக்க முன்னால் தள்ளியும் கேட்கவில்லை. வால் அவ்வளவு கனத்திருந்தது.

இறக்கையின் அகலத்தை முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள். 18 செ.மீ. என்றால், முன்விளிம்பிலிருந்து 4.5 முதல் 6 செ.மீ.க்குள் அந்தப் புள்ளி இருக்கும். பெட்டியோடு வந்த தாளில் அளவு கொடுத்திருந்தால் அதையே வையுங்கள். இறக்கையின் அடியில் இருபுறமும் மார்க்கரால் கோடு போட்டு, பேட்டரி உள்ளே இருக்க, இரண்டு ஆள்காட்டி விரல்களால் தூக்குங்கள். மூக்கு இம்மி தாழ்ந்தால் நல்லது. வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னே நகர்த்துங்கள். இடம் இல்லையென்றால் மூக்கில் ஒரு நாணயத்தை ஒட்டுங்கள். சரியான இடம் கிடைத்ததும் உள்ளே கோடு போட்டு, வெல்க்ரோவால் இறுக்குங்கள். பறக்கும்போது பேட்டரி நகர்ந்தால் புள்ளியும் நகர்ந்துவிடும்.

இடம், நேரம். வெள்ளி கடற்கரை பரந்து கிடக்கிறது என்று கடலூர் தேவனாம்பட்டினம் போகாதீர்கள். ஆட்கள் நடமாட்டம், போதாததற்கு உப்பும் மணலும் மோட்டாருக்குள் போகும். அறுவடை முடிந்த வயல்தான் எனக்குப் பிடித்தது. விழுந்தாலும் அரிதாள் தாங்கிக்கொள்ளும். மின்கம்பி இல்லாத பக்கமாகப் பாருங்கள். கடலூரில் விடிகாலைக் காற்று பெரும்பாலும் மேற்கேயிருந்து மெல்ல வரும். காற்றை எதிர்த்து எறிய மேற்கே பார்த்து நின்றால் சூரியனும் முதுகுப்பக்கம். வெயில் ஏறிக் கடல்காற்று கிளம்பிவிட்டால் புது ஆளுக்கு அன்றைக்கு வேலை முடிந்தது.

முழு த்ராட்டில் கொடுத்து, மேல்நோக்கி அல்ல, நேராக எறியுங்கள். இரண்டு தென்னை உயரம் போகும்வரை திருப்ப வேண்டாம். மொபைலில் 5 நிமிட அலாரம் வையுங்கள். லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி ஒரு செல்லுக்கு 3.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. எடுத்து வைக்கும்போது 3.8 இருக்கட்டும்.

பிற்சேர்க்கை: ரட்டர் எதிர்ப்பக்கம் திரும்புகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். விமானத்துக்கு முன்னால் நின்று பார்த்திருக்கிறார். வால் பக்கம் நின்றுதான் பார்க்க வேண்டும். ஸ்டிக் வலப்பக்கம் போனால் ரட்டரும் வலப்பக்கம்; ஸ்டிக்கை உங்களை நோக்கி இழுத்தால் எலிவேட்டர் மேலே.

பாண்டிச்சேரிக்காரர்களுக்கு: லாஸ்பேட்டை விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் இடம் சிவப்பா, மஞ்சளா, பச்சையா என்று பாருங்கள். சிவப்பு, மஞ்சள் என்றால் அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடாது.

இன்னொன்று, பலரும் கேட்டது: விமானம் உங்களை நோக்கி வரும்போது இடம் வலம் குழம்பும். எந்த இறக்கை தாழ்கிறதோ, அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளுங்கள், நிமிர்ந்துவிடும்.