ஒட்டடைச் சிலந்தியில் புதுப் பேரினமா? எப்படி உறுதி செய்வது?

ஜவ்வாது மலையிலோ ஏலகிரியிலோ பாறை இடுக்கில் டார்ச் அடித்தால், நீளநீளக் கால்களோடு தலைகீழாகத் தொங்கும் சிலந்தி கண்ணில் படும். வலையைத் தொட்டால் உடம்பே மங்கித் தெரியுமளவு அதிரும். இதுதான் ஒட்டடைச் சிலந்தி. இதன் குடும்பம் ஃபோல்சிடே. நெருங்கிய இனங்கள் சேர்ந்தது பேரினம், நெருங்கிய பேரினங்கள் சேர்ந்தது குடும்பம்.

முதலில் வேலூரில் உங்கள் வீட்டு மூலையிலேயே இருப்பதைப் பழகுங்கள். வயிற்றின் பின்பக்கம் மேடாகக் கூம்பியிருந்தால் அது பெரும்பாலும் கிராசோபிரைசா லையோனி. 1867-இல் பிளாக்வால் என்ற சிலந்தி ஆய்வாளர் இதை ஃபோல்கஸ் பேரினத்தில் வைத்து விவரித்தார். கிராசோபிரைசா என்ற பேரினத்தை சைமன் என்ற இன்னொரு ஆய்வாளர் 1893-இல்தான் அமைத்தார். இனம் வேறு, பேரினம் வேறு என்பது இதிலேயே புரியும்.

அடுத்தது சேகரிப்பு. காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் கை வைக்காதீர்கள். இடுக்கியால் பிடித்தால் கால் கழன்றுவிடும். சிறு குப்பியைக் கீழே நீட்டி அதற்குள் விழச் செய்யுங்கள். வளர்ந்த ஆண், பெண் இரண்டும் வேண்டும். முட்டைக் கொத்தை வாயில் கவ்வியிருப்பது வளர்ந்த பெண். 70–75% எத்தனாலில் போட்டு, இடமும் தேதியும் பென்சிலால் எழுதிய சீட்டைக் குப்பிக்குள்ளேயே வையுங்கள். டி.என்.ஏ. சோதனைக்கு ஒரு காலை மட்டும் 95 சதவீதத்துக்கு மேற்பட்ட எத்தனாலில் தனியாக வையுங்கள்.

இனி மைக்ரோஸ்கோப். இங்கே அவசரமே கூடாது. கால் நீளத்தை வைத்துப் பேரினம் பிரிக்க முடியாது. ஆணின் முகத்தருகே குத்துச்சண்டைக் கையுறை போல் உப்பிய இரண்டு உணர்கைகள் இருக்கும். அதிலிருந்து நீளும் புரோகர்சஸ் என்ற கொக்கியின் வளைவு, முள், சவ்வு எல்லாவற்றையும் பல கோணத்தில் வரையுங்கள். ஆணின் தாடையில் உள்ள முனைகளையும் விடாதீர்கள். பெண்ணின் இனப்பெருக்க உறுப்பைக் கிராம்பு எண்ணெயில் ஊறவைத்தால் உள்ளமைப்பு தெளியும்.

பிறகு உலகச் சிலந்திப் பட்டியலில் நெருங்கிய பேரினங்களின் மூல விவரிப்புகளைத் தேடி ஒப்பிடுங்கள். எதனோடும் பொருந்தவில்லை என்பது மட்டும் போதாது. உங்கள் சிலந்தியைத் தனியே எடுத்தபின், அது சேரக்கூடிய பழைய பேரினத்தில் மிஞ்சுபவை ஒரே மூதாதையின் முழு வாரிசுகளாக நிற்கின்றனவா? இல்லையென்றால் அது புது இனமாக மட்டும் இருக்கட்டும். எனக்கு இதுதான் மொத்த வேலையிலும் முக்கியமான கேள்வி.

தேறினால் கட்டுரை எழுதலாம். பேரினத்துக்கு அடையாளமாக நிற்கும் வகை இனம் எது என்று குறிப்பிடுவது கட்டாயம். இணையத்தில் மட்டும் வெளிவந்தால் விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ஸூபேங்கில் பதிவும் வேண்டும். உயிரியல் பல்வகைமைச் சட்டம், 2002-இன்படி மாதிரிகளை அரசு அறிவித்த காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். இந்திய விலங்கியல் ஆய்வகம் அவற்றில் ஒன்று.