‘மாலை’ என்றால் எத்தனை மணி?

அப்பாவிடம் போய்வரும் பிள்ளையை ஞாயிறு மாலை என்னிடம் திருப்பிக் கொண்டுவந்து விட வேண்டும் என்பது குடும்ப நீதிமன்ற உத்தரவு. முன்னாள் கணவர் வந்து விடுவதோ இரவு பத்து மணிக்கு. சில வாரம் திங்கள் காலை.

முதலில் வாட்ஸ்அப்பில் சண்டை போட்டேன். வீண். போலீஸிடம் போனால், "இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்கே போங்க." சரி, உத்தரவை மீறுகிறார் என்று மனு போடலாம் என்றால் வக்கீல் தடுத்தார். உத்தரவில் ‘மாலை’ என்று மட்டும்தான் இருக்கிறது. மணியும் இல்லை, இடமும் இல்லை. தெளிவில்லாத உத்தரவை மீறியதாக நிரூபிப்பது கடினமாம். நூறு தடவை படித்த தாள்தான், என் கண்ணில் படவே இல்லை!

உத்தரவைத் தெளிவுபடுத்தக் கோரி மனு போட்டோம். 6 மணி, இன்ன வாசல், தாமதமானால் எப்போதைக்குள் தகவல் என எழுதி வாங்கினோம். அந்தப் புது உத்தரவின் சான்றிட்ட நகல் அவர் கைக்குப் போனதற்கு அத்தாட்சியும் வைத்துக்கொண்டேன். இல்லாவிட்டால் ‘எனக்குத் தெரியாது’ என்பார். பிறகு ஒரு நோட்டில் தேதி, வந்த நேரம், உத்தரவில் அவர் மீறிய பத்தி எண் என்று குறித்தேன். திட்டு ஒன்றும் எழுதவில்லை (கை துறுதுறுத்தது உண்மை). மூன்று வாரப் பதிவோடு, உத்தரவை நடைமுறைப்படுத்தக் கோரும் அமலாக்க மனு போட்டதும், விசாரணைக்கு முந்தைய ஞாயிறே 5.50க்கு வாசலில் நின்றார். அப்பாடா!