மாவிளக்கு இளகாமல் இருக்க

மாரியம்மன் பண்டிகை தொடங்கி, பூச்சாட்டி, கோயில் முன் கம்பம் நட்டுவிட்டால் ஈரோடு மாவட்டத்தில் எங்கள் கவுந்தப்பாடிப் பக்கத்து ஊர்களில் கறி, முட்டை நின்றுவிடும். வீடு வாசல் கழுவுவது, பாய் போர்வை துவைப்பதெல்லாம் அதோடு சேர்ந்தது. அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "ஏனுங்க்கா, மாவிளக்கு மாவு இளகிப் போகுதுங்களே, என்ன பண்றது?"

பிசகுவது அரிசி காய்கிற இடத்தில். 2 டம்ளர் பச்சரிசியை நன்றாகக் களைந்து 2 மணி நேரம் ஊறவைத்து வடித்து, வெள்ளை வேட்டியில் நிழலில் பரப்புங்கள். வெயில் வேண்டாம். அரை மணி கழித்து ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். உள்ளங்கை ஜில்லென்று இருக்க வேண்டும், ஆனால் அரிசி கையில் ஒட்டக்கூடாது. அதுதான் பதம். உரல் இருந்தால் இடிக்கலாம். மிக்ஸியென்றால், மசாலா அரைக்காத ஜார். இரண்டு தடவை சலித்து, நிற்கிற குருணையை மறுபடி அரைத்துக்கொள்ளுங்கள்.

இனிப்புக்கு நான் நாட்டுச்சர்க்கரைதான் போடுவேன். எங்கள் ஊர்ச் சரக்கு என்பதற்காகச் சொல்லவில்லை; பழனி பஞ்சாமிர்தத்துக்கே இங்கிருந்து போகிறது. 2 டம்ளர் அரிசிக்கு ஒன்றரை டம்ளர், கொஞ்சம் ஏலக்காய். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பிசையுங்கள். தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது, அரிசியின் ஈரத்திலேயே சர்க்கரை கரையும். இறுக்கிப் பிடித்துக் கையைத் திறந்தால் விரல் தடம் அப்படியே நிற்க வேண்டும். அச்சு வெல்லமென்றால் இடித்துச் சலித்துப் போடுங்கள், மண் இருக்கும்.

அம்மனுக்குப் படைக்குமுன் ருசி பார்க்கக்கூடாது. அதனால்தான் டம்ளர் கணக்குச் சொல்கிறேன், கண்ணளவு இங்கே உதவாது.

உருட்டி, கட்டைவிரலால் நடுவில் குழி செய்யுங்கள். கரை ஒரு விரல் கனம் இருக்கட்டும், மெல்லிசாக விட்டால் நெய் கசிந்து சரிந்துவிடும். திரியை நெய்யில் ஊறவைத்துக் குழியில் நட்டு, மீதி நெய்யைக் கோயிலில் போய் ஊற்றுங்கள். தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை, சத்தியமங்கலம் மல்லிகை வையுங்கள். அம்மனுக்கு அரளி பிடிக்கும் என்று மாவைச் சுற்றி அரளியை அடுக்குகிறார்கள். அரளி விஷம்ங்க. பிறகு அந்த மாவைத்தானே பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம்? அரளியை மாலையாகத் தனியே கொடுத்துவிடுங்கள்.

சுத்தம் என்றதும் பலருக்குப் பயம் வந்துவிடுகிறது. விளக்கு எடுக்கிற நாளில் மாதவிலக்கு தள்ளிப்போக மாத்திரை போடும் பெண்கள் எத்தனை பேர்! வேண்டாம் அம்மிணி. தூரமாகிவிட்டால் நங்கையாவோ மாமியாரோ எடுக்கட்டும், அதற்குத்தான் பங்காளி வீடுகள் இருக்கின்றன. மாரியும் பெண்தான், அவளுக்குத் தெரியாததா? அவள் அம்மைக்குரிய தெய்வம். அவளுக்குச் செய்வதெல்லாம் குளுமை: வேப்பிலை, மஞ்சள் தண்ணீர், கூழ், அடுப்பேறாத இந்த மாவு. உடம்பைக் கெடுத்துக்கொண்டு எடுத்தால் அதில் குளுமை எங்கே இருக்கிறது? வீட்டில் அம்மை போட்டிருந்தாலும் அப்படித்தான், தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு எடுத்துக்கொள்ளலாம். நேர்த்தி எங்கும் ஓடிவிடாது.

என்னைக் கேட்டால் சுத்தம் என்பது தலைக்குக் குளித்த ஈரம் காய்வதற்குள் மற்ற வேலையில் கை வைக்காமல் மாவில் கை வைப்பது. செல்போனைத் தொட்ட கையோடு பிசைகிறவர்களைத்தான் நான் அதட்டுவேன்.

கோயிலில் திரி அணைந்தால் பதற வேண்டாம், பக்கத்துத் தட்டிலிருந்து ஏற்றிக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்ததும் கருகிய நடுப்பகுதியைக் கிள்ளி எடுத்துவிட்டு, அக்கம்பக்கத்துக்கு உருண்டை உருண்டையாகக் கொடுங்கள். ஈரமாவு சீக்கிரம் புளித்துவிடும், அன்றைக்கே தீர்க்க வேண்டும். மீந்தால் வாழைப்பழம் பிசைந்து பணியாரம் ஊற்றிவிடுங்கள்.