வெளிநாட்டுக்கு மென்பொருள் உரிமம் விற்கும்போது வணிகத் தடைகளைச் சரிபார்ப்பது எப்படி?

ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் தோலும் காலணியும் ஏற்றுமதி செய்வோருக்குச் சுங்கத் தாள்கள் பழகியவை. அவர்களுக்காகக் காட்பாடியிலோ சத்துவாச்சாரியிலோ இருந்துகொண்டு கிடங்குக் கணக்கு மென்பொருள் எழுதும் சிறு நிறுவனங்கள், அதன் உரிமத்தை அயல்நாட்டில் விற்கும்போது தாங்களும் ஏற்றுமதியாளர்களே என்பதைப் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. தோல் கப்பலேறியதும் அந்த விற்பனை முடிந்துவிடும். உரிமமோ ஒவ்வொரு அப்டேட்டிலும் ஒவ்வொரு புதுப்பித்தலிலும் மீண்டும் வழங்கப்படுகிறது. ஒப்பந்த நாளில் மட்டும் சரிபார்ப்பது போதாது என்பதற்கு இதுவே காரணம்.

முதலில், எந்த நாடுகளின் சட்டம் உங்களைக் கட்டுப்படுத்துகிறது என்று பாருங்கள். இந்தியாவில் 1992ஆம் ஆண்டின் அயல்நாட்டு வணிகச் சட்டமும், அதன் கீழுள்ள ஸ்கோமெட் பட்டியலும் (படைத்துறைக்கும் பயன்படக்கூடியவை என்று ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள், மென்பொருள், தொழில்நுட்பம் ஆகியவற்றின் பட்டியல்) பொருந்தும். குறியாக்க வசதியுள்ள மென்பொருள் என்றால் அப்பட்டியலின் எட்டாம் பிரிவைக் கட்டாயம் படிக்க வேண்டும். அமெரிக்கச் சட்டமும் வேலூர் வரை நீளும். உங்கள் மென்பொருளின் மதிப்பில், அமெரிக்காவில் உருவாகி, அந்நாட்டு ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட கூறுகள் பொதுவாக 25 விழுக்காட்டைத் தாண்டினால் அச்சட்டம் பொருந்தும். ஈரான், கியூபா போன்ற நாடுகளுக்கு அந்த வரம்பு 10 விழுக்காடுதான். உங்கள் சர்வரும் கட்டண வசதியும் அமெரிக்க நிறுவனத்துடையவையாக இருந்தால், அந்நிறுவனத்தின் விதிகளும் உங்களைக் கட்டும்.

அடுத்து வாடிக்கையாளர். நாட்டின் பெயரை மட்டும் பார்ப்பது பெருந்தவறு. கிரிமியா போல ஒரு பகுதிக்கு மட்டும் முழுத்தடை இருக்கலாம். தடைப்பட்டியலில் உள்ளோர் 50 விழுக்காடோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கும் நிறுவனம், பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும், அமெரிக்க விதிப்படி தடைக்கு உட்பட்டதே. மென்பொருள் எந்த இடத்திலிருந்து பதிவிறக்கப்படுகிறது என்பதையும் ஐபி முகவரி கொண்டு பார்க்க வேண்டும். ஈரானில் இருந்தவர்களுக்கு மென்பொருளும் அப்டேட்டுகளும் சென்று சேர்ந்ததற்காக, ஜெர்மனியின் எஸ்ஏபி என்னும் மென்பொருள் நிறுவனம் 2021இல் அமெரிக்க அரசுக்கு 80 லட்சம் டாலருக்கு மேல் செலுத்த ஒப்புக்கொண்டது.

சாதாரணக் கணக்கு மென்பொருளை யார் தடுக்கப்போகிறார்கள் என்று கேட்பவர்களும் உண்டு. 2023 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய நிறுவனங்களுக்கு வழங்கக் கூடாது என்று தடுத்தது, கணக்கு, கிடங்கு போன்ற அன்றாட அலுவல்களை நடத்த உதவும் நிறுவன மேலாண்மை மென்பொருளைத்தான். உங்கள் ஐரோப்பிய வாடிக்கையாளருக்கு ரஷ்யாவில் கிளை நிறுவனம் இருக்கிறதா என்று விற்குமுன் கேளுங்கள்.

ஒப்பந்தத்தில்தான் மிகுந்த கவனம் வேண்டும். தடை வந்தால் உரிமத்தை நிறுத்திவைக்கும் அதிகாரம், மறுவிற்பனைக்கும் இடமாற்றத்திற்கும் கட்டுப்பாடு, முன்பணத்தின் நிலை ஆகிய மூன்றையும் தெளிவாக எழுதுங்கள். 2019 அக்டோபரில் அமெரிக்க ஆணையை முன்னிட்டு வெனிசுவேலாவின் கணக்குகளை முடக்கப்போவதாக அடோபி மென்பொருள் நிறுவனம் அறிவித்தபோது, பணம் திரும்பக் கிடைக்குமா என்பதே பயனர்களின் பெருங்கவலையாயிற்று. அரசு அனுமதி கிடைத்து அம்மாதமே சேவை தொடர்ந்தது. உங்கள் வாடிக்கையாளரை அத்தகைய தவிப்பில் விடாதீர்கள்.

இடையில் தடை வந்துவிட்டால், புதிய ஆக்டிவேஷன் கீ, அப்டேட், தொலைபேசி உதவி ஆகியவற்றை உடனே நிறுத்திவிட்டு, ஆணையில் முடிப்புக் காலமோ (பழைய ஒப்பந்தங்களை முடித்துக்கொள்ளத் தரப்படும் அவகாசம்) பொது அனுமதியோ (தனியாக விண்ணப்பிக்காமலே எல்லாருக்கும் தரப்படும் விலக்கு) உள்ளதா என்று வழக்கறிஞருடன் படியுங்கள். வாடிக்கையாளரின் தரவைத் திருப்பித் தருவதற்கும் சில வேளைகளில் தனி அனுமதி தேவைப்படும். மூன்றாம் நாட்டு முகவர் வழியே அதே உரிமத்தை அனுப்புவது குற்றத்தைப் பெரிதாக்கும். அமெரிக்கத் தடை விதிகள் பொருந்தும் ஒவ்வொரு விற்பனைக்கும், யாரை எந்த நாளில் எந்தப் பட்டியலில் சரிபார்த்தீர்கள் என்ற பதிவைப் பத்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். 2025 மார்ச் வரை அது ஐந்து ஆண்டுகளாக இருந்தது.