வாழ்க்கைத் துணையோடு சேர்ந்து மார்க்கெட்டிங் ஏஜென்சி தொடங்குவது எப்படி?

நானும் என் கணவரும் சேர்ந்து ஒரு சின்ன மார்க்கெட்டிங் ஏஜென்சி நடத்துகிறோம். விளம்பரம் ஓட்டுவது, அதன் கணக்கைப் பார்ப்பது அவர் பக்கம். எழுத்து, டிசைன், வாடிக்கையாளரோடு பேசுவது என் பக்கம். "நாங்களும் ரெண்டு பேரும் சேர்ந்து ஆரம்பிக்கலாம்னு இருக்கோம், எங்கிருந்து தொடங்குறது?" என்று கேட்பவர்களிடம் சொல்வதையே இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

தொழில் தெரியாமல் சறுக்கியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. "இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லணுமா, அவருக்கே தெரியும்" என்று விட்டுவிட்டுச் சறுக்கியவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். வெளியாள் ஒருவரோடு கூட்டுச் சேர்ந்தால் பங்கு, சம்பளம், லீவு எல்லாவற்றையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வோம். வீட்டு மனிதரிடம் கேட்கக் கூச்சம் வந்துவிடுகிறது. கீழே உள்ள படிகளில் பாதி அந்தக் கூச்சத்தைத் தாண்டுவதற்குத்தான்.

படி 1: வேலையை விடும் முன் தனித்தனியாக எழுதுங்கள்

ஆளுக்கொரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். பேசாமல், ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல், மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். வருமானமே இல்லாமல் எத்தனை மாதம் தாங்குவோம்? வீட்டுச் சேமிப்பில் எவ்வளவு வரை தொடலாம்? என்ன நடந்தால் இதை நிறுத்திவிட்டு மறுபடி வேலைக்குப் போவோம்?

நாங்கள் எழுதியபோது முதல் கேள்விக்கு நான் 4 மாதம் என்று போட்டிருந்தேன், அவர் 12. இத்தனை வருடம் ஒன்றாகக் குடும்பம் நடத்தியும் இந்த வித்தியாசம் எங்களுக்குத் தெரியவில்லை. இரண்டு வாரம் பேசி, ஒருவர் சம்பளத்தில் தொடர்வது, மற்றவர் முதலில் இறங்குவது என்று முடிவு செய்தோம். முடிந்தால் நீங்களும் அப்படியே செய்யுங்கள். இரண்டு பேரும் ஒரே நாளில் வேலையை விட்டால், வருகிற முதல் மோசமான வாடிக்கையாளரைக்கூட வேண்டாம் என்று சொல்லும் தைரியம் இருக்காது.

படி 2: எந்த முடிவு யாருடையது?

எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. "எல்லாவற்றையும் சேர்ந்தே முடிவு செய்வோம்" என்பது கேட்க இனிமையாக இருக்கும். ஒரு நாளைக்கு முப்பது சின்ன முடிவு எடுக்க வேண்டிய தொழிலில் அது நடக்காது.

எங்கள் முதல் வருடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வாடிக்கையாளர் என் கணவரிடம் போனில், வெள்ளிக்கிழமைக்குள் கூடுதலாக ஆறு போஸ்டர் வேண்டும் என்று கேட்டார். இவரும் சரி என்றுவிட்டார். அதே மதியம் இன்னொருவரிடம் நான், அவருடைய முழு வலைத்தளத்துக்கும் எழுத்து வேலையை வெள்ளிக்கிழமை முடித்துத் தருவதாகச் சொல்லியிருந்தேன். இரண்டுமே என் மேஜைக்கு வரும் வேலை. வியாழன் இரவு சாப்பிடும்போதுதான் இரண்டு பேருக்கும் இது தெரிய வந்தது. அன்றைக்கு வந்த சண்டை போஸ்டரைப் பற்றியதாகவே இல்லை. "என் நேரத்தை நீங்க எப்படி வாக்குக் கொடுக்கலாம்?" என்பதுதான் சண்டை.

அதற்கப்புறம் ஒரு பக்கத்தில் எழுதி வைத்தோம். விலை, தள்ளுபடி, புது வாடிக்கையாளரை எடுப்பதா வேண்டாமா என்பது என் முடிவு. விளம்பரப் பட்ஜெட்டைப் பிரிப்பது, எந்தக் கருவிக்குச் சந்தா கட்டுவது, கணக்கு வழக்கு அவர் முடிவு. மற்றவர் கருத்துச் சொல்லலாம், வாதாடலாம், ஆனால் கடைசி வார்த்தை அந்த வேலைக்கு உரியவருடையது. கடன் வாங்குவது, ஆள் எடுப்பது, ஒரு வாடிக்கையாளரை விட்டுவிடுவது ஆகிய மூன்றுக்கு மட்டும் இரண்டு பேர் சம்மதமும் வேண்டும்.

இன்னொரு விதியும் உண்டு. வாடிக்கையாளர் போனில் எது கேட்டாலும் "பார்த்துட்டு இன்னைக்கே சொல்றோம்" என்பதுதான் பதில். காலண்டரைப் பார்க்காமல் யாரும் தேதி கொடுப்பதில்லை.

படி 3: ஒரே ஒரு வேலையை விற்கத் தொடங்குங்கள்

எஸ்இஓ (கூகுள் தேடலில் மேலே வர வைப்பது), சோஷியல் மீடியா, வீடியோ, விளம்பரம், வலைத்தளம் என்று பத்து வேலையைப் பட்டியல் போடாதீர்கள். இரண்டு பேரால் பத்தையும் நன்றாகச் செய்ய முடியாது. உங்கள் இருவருக்கும் கை வந்த வேலை ஒன்று, அதை வாங்கக்கூடிய தொழில் வகை ஒன்று. அது போதும்.

டிசைன் செய்ய நாம் தினமும் திறக்கிற கேன்வா என்ற இணையக் கருவியே இதற்கு நல்ல உதாரணம். மெலனி பெர்கின்ஸும் கிளிஃப் ஓப்ரெக்ட்டும் ஜோடியாக 2007இல் தொடங்கியது ஃப்யூஷன் புக்ஸ். பள்ளி ஆண்டு மலர்களை இணையத்திலேயே வடிவமைக்க ஒரு கருவி, அவ்வளவுதான். எல்லோருக்கும் எல்லா டிசைனும் என்று கேன்வாவைத் திறந்தது 2013இல், அதுவும் கேமரன் ஆடம்ஸ் என்ற மூன்றாவது கூட்டாளியைச் சேர்த்துக்கொண்டு.

படி 4: விலையை மணிக்கணக்கிலிருந்து கண்டுபிடியுங்கள்

மற்ற ஏஜென்சிகள் என்ன கேட்கிறார்கள் என்று பார்த்து விலை வைத்தால் உங்கள் வீட்டுச் செலவுக்கு அது போதுமா என்று தெரியாது. இப்படிக் கணக்குப் போடுங்கள்.

வாரம் 40 மணி நேரம் வீதம் இரண்டு பேருக்கும் 80. புது வாடிக்கையாளர் தேடுவது, பில் போடுவது, மின்னஞ்சல், கற்றுக்கொள்வது எல்லாம் போக, காசு வரும் வேலைக்கு 50 மிஞ்சும் என்று வையுங்கள். லீவு, உடம்பு முடியாத நாள் என 6 வாரம் கழித்தால் வருடத்துக்கு 46 வாரம். 50ஐ 46ஆல் பெருக்கினால் 2,300. அதாவது மாதத்துக்கு ஏறத்தாழ 190 மணி நேரம்.

இரண்டு பேர் சம்பளம், மென்பொருள் சந்தா, வரி, சேமிப்பு எல்லாவற்றையும் ஒரு மாதத்துக்குக் கூட்டி 190ஆல் வகுத்தால் வருவதுதான் உங்கள் ஒரு மணி நேரத்தின் அடிமட்ட விலை. ஒரு வாடிக்கையாளருக்கு மாதம் 30 மணி நேரம் போகுமென்றால் ஆறு பேருக்கு மேல் எடுக்க முடியாது என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். ஏழாவது ஆள் வந்தால் நீங்கள் கொடுப்பது உங்கள் ஞாயிற்றுக்கிழமையை.

படி 5: உங்களுக்குள் ஒரு ஒப்பந்தம்

ஆளுக்குப் பாதி என்று பங்கு பிரிப்பதில் தவறில்லை. கருத்து மோதினால் யார் பேச்சு எடுபடும் என்பதற்கு அதில் வழியில்லை, அவ்வளவுதான். படி 2இல் எழுதிய பக்கத்தை இங்கே இணையுங்கள். அதிலும் தீராவிட்டால் இருவரும் நம்புகிற, குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒருவரிடம் போவது என்று எழுதுங்கள்.

ஒருவர் பாதியில் விலகினால் பங்கு என்ன ஆகும்? புதுத் தொழில்களில் வழக்கமாகச் செய்வது, பங்கு 4 வருடத்தில் படிப்படியாகச் சேரும்படியும், முதல் வருடம் முடியும்வரை எதுவும் சேராதபடியும் வைப்பது. கணவன் மனைவிக்கும் இது பொருந்தும். நாளை நாம் பிரிந்தால் ஏஜென்சி யாருக்கு என்ற கேள்வியையும் இப்போதே எழுதிவிடுங்கள். அன்பாக இருக்கும்போதுதான் இதை நியாயமாக எழுத முடியும். ஒரு வழக்கறிஞரிடமும் கணக்காளரிடமும் காட்டிவிடுங்கள்.

வங்கிக் கணக்கு தனியாக இருக்கட்டும். இரண்டு பேரும் சம்பளம் எடுங்கள், சின்னத் தொகையாக இருந்தாலும் சரி. "நம்ம காசுதானே" என்று ஒருவர் மட்டும் சம்பளம் இல்லாமல் வேலை செய்தால், இரண்டு வருடம் கழித்து அது வேறு ஏதோ பேச்சின் நடுவில் வெளியே வரும்.

படி 6: வாடிக்கையாளரோடு ஒப்பந்தம்

மாதம் எத்தனை பதிவு, ஒவ்வொன்றுக்கும் எத்தனை திருத்தம், பணம் எந்தத் தேதியில், நிறுத்துவதென்றால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, இவற்றை எண்ணாக எழுதுங்கள். "தேவையான டிசைன்கள்" என்று எழுதினால் தேவை வளர்ந்துகொண்டே போகும். மாதக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்குங்கள்.

யாரையும் பெரிய தூணாக வைத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வந்த காலம் ஒன்று இருந்தது. அவர் இரண்டு மாதம் பணம் தரவில்லை. வேறு குடும்பமாக இருந்தால் ஒருவர் சம்பளம் நின்றாலும் மற்றவர் சம்பளம் ஓடும். எங்களுக்கு இரண்டும் ஒரே நாளில் நின்றது. அதிலிருந்து மொத்த வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒருவரிடமிருந்து வர விடுவதில்லை. மூன்று மாதச் செலவுக்கான பணத்தையும் தொடாமல் வைத்திருக்கிறோம்.

படி 7: விளம்பரக் கணக்கு வாடிக்கையாளருடையது

கூகுள் ஆட்ஸ் கணக்கை வாடிக்கையாளர் பெயரில், அவர் கார்டிலேயே திறக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஒரு மேனேஜர் கணக்கு (பல வாடிக்கையாளர் கணக்குகளை ஒரே இடத்திலிருந்து பார்க்கும் கணக்கு) திறந்து, அவருடைய 10 இலக்கக் கணக்கு எண்ணைப் போட்டு இணைப்புக் கேளுங்கள். அவர் ஏற்றுக்கொண்டால் வேலை தொடங்கலாம், பிரியும்போது இணைப்பை எடுத்துவிட்டால் போதும். அவருடைய பழைய தரவு அவரிடமே இருக்கும். விளம்பரச் செலவை உங்கள் கார்டில் போட்டு அப்புறம் வசூலிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அது உங்கள் வீட்டுப் பணத்தைக் கடன் கொடுப்பது.

ஒரு விஷயத்தை முதல் நாளே சொல்லிவிடுங்கள். கூகுள் ஆட்ஸில் தினசரி பட்ஜெட் என்பது சராசரி. சில நாள் அதன் இரண்டு மடங்கு வரை செலவாகும், ஆனால் மாதக் கணக்கில் தினசரி பட்ஜெட்டின் 30.4 மடங்கைத் தாண்டாது. இதைச் சொல்லாமல் விட்டால் இரவு பத்து மணிக்குப் போன் வரும்: "ஒரே நாள்ல இவ்வளவு போயிருக்கே?" எங்களுக்கு வந்திருக்கிறது.

படி 8: வாரத்துக்கு ஒரு கூட்டம்

திங்கள் காலை, 45 நிமிடம், மேஜையில் உட்கார்ந்து. இந்த வாரம் யாருக்கு என்ன தர வேண்டும், யாரிடமிருந்து பணம் வர வேண்டும், ஒருவருக்கொருவர் எதில் மனக்குறை. மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். ராத்திரி படுக்கும்போது வேலை நினைவு வந்தால் போனில் குறித்துவைத்துவிட்டு மறுநாள் பேசுங்கள்.

படி 9: முதல் ஊழியர்

வேலை நிறைந்து ஆள் எடுக்கும்போது, அவர் யாரிடம் கேட்டு வேலை செய்வார் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். உங்கள் சண்டையை அவர் முன்னால் போடாதீர்கள், அவரைத் தூது அனுப்பாதீர்கள். நேர்காணலிலேயே நீங்கள் கணவன் மனைவி என்று சொல்லிவிடுங்கள்.

எங்களிடம் முதலில் சேர்ந்த பெண் நேர்காணலில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "ஒரே விஷயத்துக்கு நீங்க ரெண்டு பேரும் வேற வேற பதில் சொன்னா, நான் யார் சொல்றதைக் கேட்கணும்?" என் கணவர் எழுந்து போய், படி 2இல் சொன்ன அந்தப் பக்கத்தை ஒரு பிரதி எடுத்து வந்து அவளிடம் கொடுத்தார். இன்றும் அவள் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அது இருக்கிறது, இரண்டு வரி அடித்துத் திருத்தப்பட்டு.