மிதித்ததும் கிளம்பாத கார்: தாமதம் எங்கே என்று கண்டுபிடித்துச் சரிசெய்வது

‘பிக்கப் இல்லை’ என்று சொல்லும்போது இரண்டு வேறு குறைகள் ஒரே பெயரில் வருகின்றன. ஆக்சிலேட்டரை மிதித்தும் இன்ஜின் சத்தமே மாறாமல் ஒரு கணம் கழித்து விழிப்பது ஒன்று. சத்தமும் ஆர்பிஎம்மும் (இன்ஜின் சுழலும் வேகம்) உடனே ஏறியும் வேகம் ஏறாதது மற்றொன்று. பின்னது மேனுவல் கியர் வண்டியில் கிளட்ச் வழுக்குவதால் வருவது. அதற்கு த்ராட்டில் (இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் தகடு) பக்கம் போகவே வேண்டாம். ஏஎம்டி வண்டியில் (கிளட்சையும் கியரையும் தானே இயக்கும் மேனுவல் கியர்பாக்ஸ்) கியர் மாறும்போது மட்டும் வரும் தொய்வு அந்த கியர்பாக்ஸின் இயல்பு. இங்கே பார்ப்பது முதல் வகையை, அதுவும் பெட்ரோல் கார்களில்.

இன்றைய கார்களில் பெடலுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே கேபிள் கிடையாது. பெடலில் உள்ள இரண்டு சென்சார்கள் ஈசியூவுக்கு (இன்ஜினை இயக்கும் கணினி) எவ்வளவு மிதித்தீர்கள் என்று சொல்கின்றன, ஈசியூ த்ராட்டில் பாடியில் உள்ள மோட்டாரை இயக்கித் தகட்டைத் திறக்கிறது. தாமதம் இந்த வரிசையில் எந்த இடத்தில் விழுகிறது என்று தெரியாமல் ஒரு பொருளும் வாங்காதீர்கள்.

செலவில்லாத சோதனைகள் முதலில். தரை மேட் மடிந்து பெடலின் கீழே நுழைந்திருக்கிறதா? ஈகோ மோட் ஆன் ஆகியிருக்கிறதா? ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். ஃபில்டர் பெட்டியிலிருந்து த்ராட்டில் பாடி வரை போகும் ரப்பர் ஹோஸை மடிப்பு மடிப்பாக விரித்துப் பாருங்கள். வெடிப்பு மடிப்பின் அடிப்பக்கத்தில்தான் ஒளிந்திருக்கும்.

அடுத்தது ஸ்கேனர். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் (ஈசியூவின் தகவல்களைப் படிக்கும் இணைப்பு) செருகும் சாதாரண புளூடூத் அடாப்டரும் ஃபோன் செயலியும் போதும். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்து, பெடலை மிக மெதுவாகக் கடைசி வரை அழுத்துங்கள். பெடல் எண் சீராக ஏற வேண்டும். நடுவில் நின்றாலோ துள்ளினாலோ பெடல் சென்சார் தேய்ந்திருக்கிறது, அல்லது கனெக்டரில் தொடர்பு சரியில்லை. ஸ்கேனர் காட்டும் குறை எண்களில் பி2138 என்பது பெடலின் இரண்டு சென்சார்களும் ஒத்துப்போகவில்லை என்பதைச் சொல்கிறது. பி2135 அதே முரண்பாட்டை த்ராட்டில் பாடியில் சொல்கிறது. பல வண்டிகளில் ஒரு பெடல் சென்சாரின் வோல்டேஜ் மற்றதில் சரிபாதி: ஒன்று 0.75 என்றால் மற்றது 0.37 அருகில். புதுப் பெடல் வாங்குமுன் கனெக்டரில் 5 வோல்ட் வருகிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்று மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்.

பிறகு இன்ஜினை ஓடவிட்டு, பெடல் எண்ணையும் த்ராட்டில் எண்ணையும் ஒரே வரைபடத்தில் வைத்துச் சட்டென்று மிதியுங்கள். பெடல் கோடு எழும்பி, த்ராட்டில் கோடு தயங்கி ஏறினால் சந்தேகம் த்ராட்டில் பாடி மீது. இரண்டும் சேர்ந்து எழும்பியும் இன்ஜின் விழிக்கவில்லை என்றால் குறை காற்றிலோ பெட்ரோலிலோ இருக்கிறது.

த்ராட்டில் பாடியில் பெரும்பாலும் கரிதான். இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸிலிருந்து வரும் எண்ணெய் ஆவி தகட்டின் விளிம்பில் கறுப்பு வளையமாகப் படிகிறது. தகடு சிறிதளவே திறக்கும் நேரத்தில் அந்த வளையம் காற்றை மறிக்கிறது, தகட்டை ஒட்டிப் பிடிக்கவும் செய்கிறது. சிக்னலில் கிளம்பும்போது மட்டும் திணறி, வேகம் பிடித்தபின் சரியாக ஓடும் வண்டிகளில் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

இன்ஜின் ஆறியபின் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஹோஸை எடுத்து, கனெக்டரைப் பிடுங்கி, போல்ட்டுகளை அவிழ்த்து பாடியை வெளியே எடுங்கள். த்ராட்டில் பாடி கிளீனரைத் துணியில் அடித்துத் துடையுங்கள். மோட்டார் பக்கம் நேராக அடித்தால் உள்ளே இறங்கும். தகட்டை மெல்லத் திறந்து விளிம்பையும் பின்பக்கத்தையும் துடைக்க வேண்டும். கனெக்டர் மாட்டி இக்னிஷன் ஆனில் இருக்கும்போது விரலை உள்ளே விடவே கூடாது, மோட்டார் நசுக்கிவிடும். உப்புத்தாள், கம்பி பிரஷ் வேண்டாம். உட்சுவர்ப் பூச்சு போய்விட்டால் தகடு இன்னும் மோசமாக ஒட்டும். கேஸ்கெட் தட்டையாகி இருந்தால் புதிது போடுங்கள்.

சுத்தம் செய்தபின் ஐடிலிங் (பெடலை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) ஏறி நிற்பது சகஜம். கரியோடு பழகிய தகட்டின் நிலையை ஈசியூ இன்னும் நினைவில் வைத்திருக்கிறது. தகட்டின் புது நிலையை ஈசியூவுக்குக் கற்றுக்கொடுக்கும் ‘த்ராட்டில் லேர்ன்’ என்பதை ஸ்கேனரில் செய்வதே நிச்சயமான வழி. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போதும் என்பது எல்லா வண்டிக்கும் பொருந்தாது.

காற்று, பெட்ரோல் பக்கம் வந்தால் ஸ்கேனரில் ஃப்யூயல் ட்ரிம்மை (ஈசியூ பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ செய்யும் திருத்தம்) பாருங்கள். ஐடிலில் +10 சதவீதத்தைத் தாண்டி, 2,500 ஆர்பிஎம்மில் இறங்கிவிட்டால் வேக்கம் லீக், அதாவது கணக்கில் வராத காற்று எங்கோ உள்ளே நுழைகிறது. மாறாக மேடு ஏறும்போது கூடிக்கொண்டே போனால் பெட்ரோல் போதவில்லை, அல்லது உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் அழுக்காகிக் காற்றைக் குறைத்துக் காட்டுகிறது. அந்த சென்சாருக்கு அதற்கென்றே உள்ள கிளீனர் மட்டும், கம்பியைத் தொடாதீர்கள். பல சிறிய கார்களில் அதற்குப் பதில், த்ராட்டிலுக்குப் பின்னால் உள்ள காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார்தான் இருக்கும். இன்ஜின் ஓடாதபோது அது வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும்: சென்னையில் 100 கிலோபாஸ்கல் அருகில், ஊட்டியில் 78 அருகில். சூடான ஐடிலில், ஏசி ஆஃப் செய்த நிலையில், 30 முதல் 40 வரை இயல்பு.

இவை எல்லாம் சரி என்றால் ஃப்யூயல் பிரஷர் (பெரும்பாலான போர்ட் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் 3 முதல் 4 பார்), ஸ்பார்க் பிளக் இடைவெளி, கடைசியாக அடைத்துக்கொண்ட கேட்டலிடிக் கன்வர்ட்டர் (புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் பகுதி) ஆகியவற்றைப் பாருங்கள். ஆர்பிஎம் ஏற ஏற மூச்சு முட்டுவது கன்வர்ட்டர் அடைப்பின் அடையாளம்.

பெடல் கனெக்டரில் செருகும் ‘த்ராட்டில் பூஸ்டர்’ பெட்டிகளைத் தீர்வாக நினைக்காதீர்கள். பெடலைப் பாதி மிதித்ததை முக்கால்வாசி மிதித்ததாக ஈசியூவிடம் சொல்வதே அதன் வேலை. சக்தி அதிகரிக்காது, குறை மறைந்துகொள்ளும். ஏற்கெனவே மாட்டியிருந்தால் சோதனை தொடங்குமுன் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஸ்கேனரில் நீங்கள் பார்க்கும் பெடல் எண் பெட்டியின் எண்தான், உங்கள் காலுடையது அல்ல.